பேரன் பிடுங்கிய பத்தாவது பந்து

இன்று சிரம்பானில் என் பேரன் குமரனின் கூடைப்பந்தாட்டத்தைப் பார்த்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவன்.

கடைசி நிமிடம் வரை குமரனின் அணிதான் ஒரு புள்ளி முன்னால். எதிராளி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதே அணியில் கூட ஆடும் சீனப் பையன் ஆ ஹோங் அதைப் பிடிக்கப் போனான். குமரன் அவனைத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் தடுமாறி எதிராளியிடமே விட்டான். அவன் அதை வளையத்துக்குள் போட்டுவிட்டான். தோற்றார்கள்.

வெளியே சிரித்துக்கொண்டே வந்தான்.

"தோத்துட்டு என்னடா சிரிப்பு?"

"வளையத்துல பட்டுத் திரும்புற பந்தைப் புடிச்சா கணக்கு பாட்டி. எனக்குப் பத்து ஆச்சு. பத்து இருந்தாதான் அடுத்த வருசம் பெரிய கிளப்புல கூப்புடுவாங்க லா."

"அது ஆ ஹோங் பந்துடா."

"கணக்கு எழுதுறவரு என் பேர்லதான எழுதுனாரு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லாபுவில் எங்கள் வீடு வரும்வரை காரில் சரசு ஞாபகம்தான்.

அந்தக் காலத்தில் செம்பனைக் காட்டில் என்னோடு வேலை செய்தவள். எனக்கு ஒதுக்கிய மர நிரையில் விழுந்த உதிரிப் பழத்தைப் பொறுக்கித் தன் சாக்கில் போட்டுக்கொண்டவள் சரசு. கேட்டதற்கு, "கணக்கு எழுதுற கிராணி என் பேர்லதான எழுதுனாரு?" என்றாள். முப்பத்தெட்டு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சு இல்லை.

வாசலில் குமரன் கேட்டான், "கோவமா பாட்டி?"

"ஆ ஹோங் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேளு. அப்புறம் வந்து சாப்புடு."

முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனவன் இன்னும் வெளியே வரவில்லை. மீன் குழம்பு ஆறிக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலில் சரசு எதிரே வருவாள். பேரனை மன்னித்தால் அவளையும் மன்னிக்க வேண்டும். அதற்குத்தான் மனம் வரவில்லை. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.