சமத்தாக உட்கார்ந்திருக்கும் முயல்

மாட்டுக்கு வலித்தால் கத்தும், நாய்க்கு வலித்தால் முனகும், முயலுக்கு வலித்தால் ஒன்றுமே நடக்காது; அதுதான் எங்கள் தொழிலில் பெரிய தொல்லை. பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கால்நடை மருத்துவமனை வைத்திருக்கிறேன். பருந்தும் நாயும் தன்னைப் பலவீனமாகப் பார்த்துவிடக் கூடாது என்று நோயை ஒளித்துவைப்பது முயலின் பிறவிக் குணம். நம்மையும் அது அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருக்கிறது. முயல் வளர்க்கிறவர்களே, நீங்களும் ஏமாந்திருப்பீர்கள்.

சுத்தமான கூண்டு

ஓய்வுபெற்ற ஆசிரியர் சாமுவேல் சாரும் அவர் மனைவியும் நகம் வெட்டத்தான் முயலைக் கொண்டுவந்தார்கள். அதன் பேர் ராஜா. “வீடு பூரா ஓடி அட்டகாசம் பண்ணுவான். நேத்துலேருந்து மூலையில சமத்தா உக்காந்திருக்கான். கூண்டுகூட சுத்தமா இருக்கு, பெருக்குற வேலையே இல்ல” என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்.

உடனே முயலைத் தூக்கி மேசையில் வைத்தேன். முயல் புழுக்கை போடவில்லை என்றால் குடல் ஓடவில்லை என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், வயிறு காற்றடைத்து விறைத்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அது வலி. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நகம் வெட்ட முயல் இருந்திருக்காது. வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, கூழை ஊசிக்குழலால் பைய ஊட்டச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை சாரிடமிருந்து போன். வகுப்பையே நடுங்கவைத்த குரல் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது தழுதழுத்தது. “டாக்டரம்மா, போட்டுட்டான். கடுகு மாதிரி ரெண்டு மூணுதான், ஆனா போட்டுட்டான். இவ அதக் கையில வச்சிக்கிட்டு ஜெபம் பண்ணுதா.”

துண்டில் பொதிந்து

கத்திரி வெயில். இசக்கியம்மாள் வயல் வேலைக்குப் போகிறவள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்தாள். “மக வளக்குற முயலு. அவ காலேஜ் ஆஸ்டல்ல இருக்கா. காலையிலேருந்து வாயத் தொறந்து மூச்சு வாங்குது. சளியாத்தான் இருக்கும்னு துண்டுல பொதிஞ்சு கொண்டாந்தேன்.”

துண்டை விலக்கினேன். காது இரண்டும் தோசைக்கல்லாகச் சுட்டது. முயலுக்கு வேர்க்காது, சூடு காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஈரத்துணியால் காதை நனைத்துக்கொண்டே இருந்தேன். மேசையிலேயே அதன் மூச்சு அடங்கிவிட்டது.

இது சளி இல்லை, சூடு என்று சொன்னால், துண்டு சுற்றியது அவள் கைதானே என்று ஆகிவிடும். எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அதற்குள் அவளே கேட்டாள்: “இதோட சோடி ஒண்ணு வீட்டுல நிக்கி. அதுக்கும் வந்துருமா?” பிறகு மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிஷம் கோணியது. உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, தகரக் கூரைக்கு அடியில் இருந்த முயலைத் தூக்கி நிழலில் விடச் சொன்னாள், காதை நனைக்கச் சொன்னாள். அந்த முயல் பிழைத்துவிட்டது. ஆனால் அது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே என்று அவள் தோளைத் தொட்டேன். கூடையை எடுத்துக்கொண்டாள்.

“அழுறத பெறகு அழுதுக்கிடுதேன் டாக்டரம்மா. இன்னொண்ணு என்ன ஆச்சோ, அதுவும் தகரத்துக்கு அடியிலதான் கெடந்துச்சு.”

வாயூறும் முயல்

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் சண்முகம் அண்ணாச்சியின் முயலுக்கு எப்போதும் தாடை ஈரம். “கருப்பட்டியக் கண்டா வாயூறுது. ஆனா குடுத்தா தள்ளிவிட்டுருது, என்னன்னு தெரியல” என்றார். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. பாவம், பசியோடு சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மயக்கம் கொடுத்துப் பல்லை ராவிவிட்டேன். இனிமேல் புல்தான், மென்று மென்றுதான் பல் தேயும், கருப்பட்டி கண்ணிலேயே காட்டக் கூடாது என்றேன். அண்ணாச்சி வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“ஊருக்கெல்லாம் ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லித்தான் விக்கேன். எங்க வீட்டுலயே ஒருத்தனுக்கு ஆகலன்னு வெளிய சொல்லிராதீங்க.”

சாய்ந்த தலை

ஆழ்வார்திருநகரி பத்மாக்காவின் கணவர் தவறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் ஆசையாக வளர்த்த முயல் சாப்பிடாமல் அவருடைய நாற்காலிக்கடியிலேயே கிடந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, “அவர் குரலுக்குக் காது குடுத்துக்கிட்டே இருக்கு பாருங்க” என்று கண் கலங்கினார்களாம். அக்காவும் அதன் பக்கத்திலேயே தரையில் படுத்திருக்கிறார். நடக்கும்போது அது ஒருக்களித்து விழ ஆரம்பித்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்.

உள்காதில் சீழ். தலை சாய்ந்ததும் அதனால்தான், சாப்பிடாததும் அதனால்தான். மருந்து கொடுத்தால் பிழைக்கும் என்று நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். “அப்போ அந்த வீட்டுல அவரத் தேடுறது நான் ஒருத்திதானா?” என்று கேட்டார். முயலை அவர் மடியில் வைத்தேன்.

வேளை தவறாமல் மருந்து கொடுத்திருக்கிறார். மறுபடி வந்தபோது முயல் கீரையை இழுத்து இழுத்துத் தின்றது. தலை மட்டும் முழுசாக நிமிரவில்லை. சிலதுக்கு அப்படியே நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்றேன். அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“நோவு போயிட்டுன்னு சொல்லுதீங்க, சரி. மிச்சம் சாஞ்சிருக்குற அந்தக் கொஞ்சத்த அவருக்குன்னு நான் வச்சிக்கிடுதேன்.”

இந்தத் தொழிலில் என் காதுக்கு ஆக இனிமையான செய்தி, முயல் புதுச் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டது என்று யாராவது கோபமாக வந்து புகார் சொல்வதுதான்.