பச்சைப் பாட்டிலும் மச்சானின் கால்களும்

என் தம்பிக்குத் தெருவில் வைத்த பெயர் 'அப்படியா'. யார் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். "மழை வருதுப்பா" என்றால் "அப்படியா?" என்று வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவான். அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டார், "எங்க பொண்ணு ரொம்ப அமைதி" என்றார்கள். இவன் பழக்கதோஷத்தில் "அப்படியா?" என்றான். உள்ளேயிருந்து, "ஏன், நம்பிக்கை இல்லையோ?" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைத்தான் கட்டிக்கொண்டான்.

வண்டி பழுது பார்ப்பது அவன் தொழில். பின்னால் ஏதோ கடகடவென்று அடிக்கிறது, பெரிய செலவாகும் என்று மற்ற இடத்தில் சொல்லிவிட்டார்கள் என வண்டிக்காரர்கள் கலங்கிப்போய் வருவார்கள். தம்பி அவர்களையும் நம்பமாட்டான், மற்ற இடத்தையும் நம்பமாட்டான். தானே ஓட்டிப் பார்ப்பான். சில நாள் அது சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலாக இருக்கும். எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான். ஊரில் அவன் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு இப்படி வந்ததுதான். நான் அதிகம் படிக்கவில்லை. அவன் பட்டறைக்கு அடுத்த அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பின்பக்கம் வீடு. அதனால் இங்கே எழுதுவதில் கேட்டதும் பார்த்ததும் தவிர வேறில்லை.

ஒரு நாள் தம்பி மனைவியின் அண்ணன் பட்டறைக்கு வந்தார். அச்சகத்தில் புத்தகம் தைத்து ஒட்டும் பிரிவில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். கையில் ஒரு சின்னப் பச்சைப் பாட்டில்.

"மாப்ளே, இதைப் பெட்ரோல்ல ஊத்தினா மைலேஜ் கால் பங்கு ஏறுது. என் வண்டியே சாட்சி. வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி போகுது."

"அப்படியா, மச்சான்?"

"ஆரம்பிச்சுட்டியா! கேளு. இந்த ஊர் முழுக்க எனக்கே ஏஜென்சி தராங்க. ஆனா முழு நேரமும் இதுலயே இறங்கணுமாம். அடுத்த வாரம் வேலைக்கு முழுக்குப் போடலாம்னு இருக்கேன். நீ ஒரு வார்த்தை 'நல்லா இருக்கு'ன்னு சொன்னா போதும், உன்கிட்ட வர்றவங்க அத்தனை பேரும் வாங்குவாங்க."

தம்பி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கால் பங்கு மிச்சமாகும்னா வண்டி செய்யறவனே ஊத்தி விக்க மாட்டானா, மச்சான்? அவனுக்கு மட்டும் கசக்குதா?"

"அவனுக்கும் பெட்ரோல்காரனுக்கும் உள்ளுக்குள்ள ஒப்பந்தம்."

"இதை யாரு சொன்னா?"

"பாட்டில் விக்கிறவர்தான்."

தம்பி மனைவிக்குத் தர்மசங்கடம். அன்று மாலை என் அறைக்கு வந்து, "அண்ணி, எங்கண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்த வேலை போனா இந்த வயசுல வேற யாரு குடுப்பா? ஆனா இவர் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கமாட்டாரு" என்றாள். அவள் சொன்னது இரண்டும் உண்மை. தம்பி சரி என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து.

தம்பி இரண்டையும் சொல்லவில்லை. "ஓட்டிப் பார்த்துடலாம், மச்சான். நீங்களே ஓட்டுங்க" என்றான்.

பட்டறையின் பழைய வேனை எடுத்தார்கள். அந்த வண்டி இந்த மருந்தை நக்கிக்கூடப் பார்த்ததில்லை. பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். கிளம்புமுன் ஒரே பங்க்கில் கழுத்து வரை நிரப்ப வேண்டும், வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. முதலில் மருந்து இல்லாமல் மச்சான் ஓட்டினார். பிறகு மருந்து.

இந்த இடத்தில்தான் தம்பி என்னைக் கூப்பிட்டான். "அக்கா, மருந்தைக் கலக்குறது நீ. பின்பக்கம் போய்க் கொஞ்சம் பெட்ரோல்ல கலந்து கேனைக் கொண்டு வா. டேங்குல ஊத்திட்டுத்தான் பங்க்குல நிரப்பப் போவோம். சில தடவை ஊத்து, சில தடவை ஊத்தாதே. எப்போன்னு அவர்கிட்ட சொல்லாதே."

"உன்கிட்டயாவது சொல்லவா?"

"சொல்லவே சொல்லாதே. எனக்கு இந்தப் பாட்டில் பிடிக்கல. தெரிஞ்சா நானே பங்க்குல ஒரு சொட்டு கூடக் குறைய நிரப்பிடுவேன். என்னையும் நம்பாதே."

தன்னையே சந்தேகப்படுகிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த மருந்துக்குக் காரமான ஒரு வாசனை உண்டு. கேனை மோந்தாலே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதனால் காட்டுவதற்கென்று திறந்த ஒரு பாட்டிலிலிருந்து துணியில் நனைத்து, ஒவ்வொரு தடவையும் கேனின் வாயில் தடவினேன். எந்த ஓட்டத்துக்கு எந்தப் பாட்டில் என்று தையல் சாக்பீஸால் எண் போட்டேன். ஊற்றாத பாட்டிலை சீல் உடைக்காமல் பையில் வைத்தேன்.

மருந்து ஓட்டங்களில் முதலாவது முடிந்து மச்சான் குதித்து இறங்கினார். "பாத்தியா! ஏத்தத்துல சும்மா தூக்குது!" பங்க்கிலும் பெட்ரோல் குறைவாகத்தான் பிடித்தது. தம்பி முகம் தொங்கிப்போயிற்று. அவன் மனைவி அண்ணனுக்கு டீயோடு வடையும் வைத்தாள். புருஷனுக்கு வெறும் டீ.

இப்படி ஆறு ஓட்டம் ஓடியது. ஆறிலும் மிச்சம், ஆறிலும் மச்சானுக்குச் சிரிப்பு. பிறகு தம்பி, "பையைத் திற, அக்கா" என்றான்.

மேசையில் எடுத்து வைத்தேன். மூன்று காலிப் பாட்டில். மூன்று சீல் உடையாதவை. உடையாத ஒன்றில் என் சாக்பீஸ் எழுத்தில் முதல் எண் இருந்தது.

மச்சான் அதை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். "ஏத்தத்துல தூக்கிச்சே?"

"வண்டி தூக்கல, மச்சான். நீங்க மிதிக்கல. மருந்து இருக்குன்னு நினைச்சதும் உங்க கால் பூ மாதிரி ஆயிடுச்சு. பிரேக்கும் குறைஞ்சுபோச்சு. மிச்சம் அங்கதான் வந்துது. ஊத்தினதுக்கும் ஊத்தாததுக்கும் வித்தியாசமே இல்ல."

"அப்போ இது வெறும் தண்ணியா?"

"அதையும் நான் சொல்லல. உள்ளே அழுக்கு பிடிச்ச இன்ஜினா இருந்தா இந்த மாதிரி மருந்து கொஞ்சம் துடைச்சு விடலாம். தேஞ்சதை ஒட்டவைக்காது. கால் பங்குங்கறான் பாரு, அதுதான் உதைக்குது."

மச்சான் முகம் சிவந்தது. "அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போட்டீங்களா? யாருக்குத் தெரியும், நீங்க எதை ஊத்தினீங்கன்னு?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தம்பி மனைவி அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள்தான் பேசின.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேர்மையாகச் செய்த வேலைக்கு இந்தப் பேச்சா? தம்பியோ சிரித்துக்கொண்டிருந்தான். "விடு அக்கா. இத்தனை நாள் பாட்டில்காரன் சொன்னதெல்லாம் நம்பினாரு. இன்னிக்குத்தான் முதல் தடவையா சந்தேகப்படுறாரு. அந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கமாட்டாரு, பாரேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மனைவியோடு வந்தார். என்னைப் பார்க்காமல், "வேன் சாவி" என்று கையை நீட்டினார். தம்பி கொடுத்தான். "இந்தத் தடவை என் வீட்டுக்காரிதான் கலக்குவா. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல வரக்கூடாது."

"வரமாட்டோம், மச்சான்."

நாள் முழுக்க அந்த வேன் போவதும் வருவதுமாக இருந்தது. நான் ஒரு சட்டைக்குக் காலர் தைத்து, கோணலாகி, பிரித்து, மறுபடி தைத்தேன். மாலையில் வேன் நின்றது. மச்சான் இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மடியிலிருந்த பையைத் திறந்து உள்ளே காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். சீல் உடையாத பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார்.

பிறகு பட்டறைக்குள் வந்து தம்பியிடம் சாவியைக் கொடுத்தார்.

"வீட்டுல எட்டுப் பெட்டி பாட்டில் இருக்கு, மாப்ளே. திருப்பி அனுப்பணும். தூக்க ஒரு கை வேணும்."

"இப்பவே வரேன்."

"ராத்திரிக்குள்ள முடிச்சுடணும். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்டு." என் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னிக்கு வாய் தவறிடுச்சு."

"கலக்கினது யாருன்னு சந்தேகப்படுறது தப்பில்லைங்க" என்றேன்.

தம்பி மனைவி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, பெட்டி தூக்கப் போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் தட்டு போட்டாச்சு" என்றாள்.