ரேடியேட்டரில் ஊற்றிய பால்

என் வீட்டுக்காரர் என்னைவிட எங்கள் ரப்பர் தோட்டத்து லாரியைத்தான் அதிகம் கவனிக்கிறார் என்று நான் சண்டை போடாத வாரம் கிடையாது. காலையில் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார். ஆனால் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அவரை என்னோடு வைத்திருந்ததும் அதே லாரிதான். சயாமில் ரயில் பாதை போட தொழிலாளர் லயத்து ஆண்களைப் பெயர் எழுதிக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து பங்கீட்டு அரிசி ஏற்றிவர வேண்டும் என்பதால் இவரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். லாரி ஓடும்வரை இருப்பார், நின்றால் போவார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட லாரியின் ரேடியேட்டரில் ஒழுக்கு. மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் பால்வெட்டுக்காரர்கள். வாளி ஒழுகினாலும், கூரை ஒழுகினாலும், செருப்பு பிய்ந்தாலும் எங்களுக்கு ரப்பர் பால்தான் மருந்து. ஒருநாள் வெட்டு முடிந்து திரும்பும்போது கொட்டகையில் லாரி தனியாக நின்றது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று நிறையப் பாலை வடிகட்டி எடுத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டேன். லாரியைத் தொட்டால் கத்துவார் என்று அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் ஒழுக்கு நின்றுபோயிருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் லாரி பாதி வழியில் ஆவி கக்கி நின்றது. மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். கிராணி வந்து பார்த்தார்.

"நாளன்னிக்கு சாயந்தரம் சயாம் பட்டியல் குடுக்கணும். உன் பேரையும் எழுதி வச்சிருக்கேன் தம்பி. லோரி ஓடுனா பேர அடிச்சிடுறேன். என்னைய குத்தம் சொல்லாதே."

இவர் தேட ஆரம்பித்தார். காற்றாடி பெல்ட் தளர்ந்திருக்கும் என்று இறுக்கினார். கொதித்தது. தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். அது நன்றாகவே சுற்றியது. பெட்ரோலுக்குப் பதில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை ஊற்றி ஓட்டிய காலம் அது. அதைச் சந்தேகப்பட்டு மாற்றி ஊற்றினார். அப்போதும் கொதித்தது. நான் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே இருந்தேன்.

"பெரிய டிரைவரு! தொடைக்கிற நேரத்துல தொழில ஒழுங்கா கத்திருக்கலாமில்ல?"

பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

மறுநாள் ரேடியேட்டரையே கழற்றிக் கீழே இறக்கினார். மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கீழ்வாயில் நூல் மாதிரிதான் வந்தது.

"இங்கதான் இருக்கு," என்றார்.

சூடு காட்டி, பற்றவைத்திருந்த ஈயத்தை இளக்கி, மேல் தொட்டியைப் பிரித்தார். சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். வெள்ளையாக, ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் வந்தது. அடுத்த குழாயிலும் அதேதான். ஒழுக்கை அடைத்த பால் உள்ளே உறைந்து, தண்ணீர் போகும் வழியையும் சேர்த்து அடைத்திருக்கிறது. என் புருஷனைச் சயாமுக்கு அனுப்பப் பார்த்தது நான்தான்.

அந்த நேரம் பார்த்துக் கிராணி வந்து நின்றார்.

"என்னா கோளாறு?"

நான் வாயைத் திறந்தேன். இவர் ரப்பரைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு முந்திவிட்டார்.

"ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள இத்துப்போயி அடைச்சிருக்குங்க. சரி பண்ணிட்டேன், நாளைக்கு ஓடும்."

கிராணி தலையாட்டிவிட்டுப் போனார். இவருக்கும் அது ஹோஸ் என்றுதான் பட்டிருக்கிறது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ராத்திரிக்குள் மிச்சக் குழாய்களையும் சுத்தம் பண்ணி, ஒழுகிய இடத்துக்கும் ஈயம் வைத்து ரேடியேட்டரை மாட்டிவிட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் லாரி சுங்கைப் பட்டாணிக்குப் போய் அரிசி மூட்டைகளோடு திரும்பியது. கொதிக்கவில்லை. கிராணி எங்கள் எதிரிலேயே பட்டியலை விரித்து, இவர் பெயர்மேல் கோடு இழுத்தார். லயத்துக்கு நடக்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான்தாங்க ஊத்துனேன்."

"தெரியும்."

"எப்படி?"

"வெள்ளவெளேர்னு இருந்திச்சு. மரப்பட்டைத் தூசி ஒண்ணுகூட இல்ல. வடிகட்டாம ஊத்த உனக்கு மனசு வராதே."

அழுகையோடு கோபமும் வந்துவிட்டது. "தெரிஞ்சிருந்தா அப்பவே நாலு வார்த்த திட்டியிருக்கலாமில்ல? நேத்துலேருந்து நான் செத்துக்கிட்டிருக்கேன்."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "கிராணி முன்னால நீ வாயத் தொறந்தத பாத்தேன் புள்ள. பட்டியல் அவரு கையில இருந்திச்சு. வீட்டுல நான் ஒரு வார்த்த கேட்டிருந்தாலும், 'அவர விட்டுருங்க, ஊத்துனது நான், என் பேர எழுதுங்க'ன்னு விடியறதுக்குள்ள ஆபீஸ் வாசல்ல போயி நின்னிருப்பே."

நின்றிருப்பேன்தான். அதை ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, அவருக்கு முன்னால் நடையை எட்டிப் போட்டேன்.