பந்துக்கு ஒரு மரக்கால் நெல்

வெளிநாட்டுக் காசு வந்தால்தான் ஊரில் நாலு நல்லது நடக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் வாலிபால் ஆடியது நெல்லை வைத்து. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறிய காலம் அது. எனக்குப் பதினோரு வயது. அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தை, கல்லூரி அணியில் ஆடிவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். என்னோடு சேர்த்து எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேரைத் திரட்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த திடலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட வைத்தாள். பந்தும் நெட்டும் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பியவை. கூடவே எட்டுப் பனியன்களும் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கொட்டை எழுத்தில் சித்தப்பாவின் பெயர். எட்டுச் சித்தப்பாக்கள் திடலில் எகிறிக் குதித்தோம்.

ஒரே வருஷத்தில் பந்து தையல் விட்டது, நெட்டை எலி தின்றது. அத்தை கடிதம் எழுதினாள். பதிலுக்குச் சித்தப்பா டெலிபோன் பூத்துக்குக் கூப்பிட்டார். அதற்குள் யாரோ அவரிடம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். “பசங்க ஆடட்டும், எத்தனை பந்து வேணும்னாலும் அனுப்புறேன். வயசுக்கு வந்த பொண்ணுங்க ஊரே பாக்கக் குதிக்கிறதுக்கு என்கிட்ட காசு இல்லை” என்றாராம்.

எங்கள் அணியில் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். அவர்கள் வாசற்படி தாண்டியதே அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். பந்து இல்லையென்றால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் அவர்கள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அது அத்தைக்கு நன்றாகத் தெரியும். பூத்திலிருந்து திரும்பிய கையோடு அப்பாவிடம் வந்து நின்றாள்.

“சின்னண்ணன் அனுப்புனா ஆடுறது, இல்லேன்னா மூட்டை கட்டுறது, இந்தப் பொழப்பு வேணாம்ணே. நம்ம ஊர்ல நெல்லு வருஷா வருஷம் வருது. களத்துல எல்லாருக்கும் அளக்கிறாப்ல எங்களுக்கும் ஒரு பங்கு அளங்க.”

எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்து களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும் கோயிலுக்கு, வாய்க்கால் பார்க்கிறவருக்கு, துணி வெளுக்கிறவருக்கு, முடி வெட்டுகிறவருக்கு என்று மரக்காலால் அளந்து போடுவார்கள். அவர்கள் கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண் அந்த வரிசையில் நிற்பதா? அப்பா சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “பிச்சை எடுக்கப் போறியா?” என்றார்.

“பிச்சை இல்ல, பங்கு.”

தை மாதம், சம்பா அறுப்பு. ஒரு பெரிய கூடையின் ஒரு காதை அவளும் மறு காதை நானும் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போனோம். முடி வெட்டுகிறவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் பதறிப்போய், “நீங்க முன்னால போங்கம்மா” என்று ஒதுங்கினார். அத்தை நகரவில்லை. எனக்கு மானம் போயிற்று. கூடையால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஊரிலேயே பெரிய குவியல் மிராசுதாருடையது. அவர் சங்கடமாகச் சிரித்தார். “என்னம்மா இது, வீட்டுக்குப் போ. ஒரு மூட்டையா அனுப்பி வைக்கிறேன்.”

“வீட்டுக்கு அனுப்புனா அது நீங்க குடுத்த தர்மம் மாமா. இங்க அளந்தீங்கன்னா வழக்கம் ஆயிடும், அடுத்த வருஷமும் கேக்கலாம். மூட்டை வேணாம், ஒரு மரக்கா போதும்.”

மூட்டையைக் கொடுக்க மனசு வந்தவருக்கு மரக்காலைத் தொடக் கை வரவில்லை. அப்பா வைக்கோல் போரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது அறுப்புக் கூலியை முந்தானையில் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. தன் கூலி நெல்லிலிருந்து ஒரு படி அளந்து எங்கள் கூடையில் கொட்டினாள்.

“வருஷா வருஷம் என் கூலியிலேர்ந்து ஒரு படி சின்னம்மா. நாளையிலேர்ந்து எம்பொண்ணும் பந்தாட வருவா.”

அப்பாவுக்கும் மிராசுதாருக்கும் சுடச்சுடப் பதில் வைத்திருந்த என் அத்தை, அந்த அம்மாளுக்கு முன்னால் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “அனுப்புங்கக்கா” என்றாள். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தெருக்காரர்களை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கூலிக்காரி அளந்தபின் மிராசுதார் சும்மா இருக்க முடியுமா? அவர் ஒரு மரக்கால் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். அப்பாவும் வேறெங்கோ பார்த்தபடி அளந்தார். கூடை நிறைந்து வழிந்தது. அந்த வாரமே அதை விற்ற காசில் திருவாரூரிலிருந்து புதுப் பந்தும் நெட்டும் வந்தன.

அந்த அம்மாளின் மகளோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் மூன்று வீடுகள் பெண்களை அனுப்பவில்லை. “நீயும் போகாதே” என்றார் அப்பா. அழுது அடம்பிடித்துப் போனேன். நான் போனது பந்துக்காக, வேறெந்த நியாயத்துக்காகவும் இல்லை. பத்தாவது அக்காக்கள் இரண்டு பேரும் எப்படியோ வந்து நின்றார்கள்.

அந்த அம்மாளின் மகள் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் எம்பி அடித்த முதல் பந்து மண்ணைக் கிளப்பியது. அத்தை நெட்டுக்கு முன்னாலிருந்த என் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

“இது எங்க பந்து” என்று கத்தினேன்.

அவள் பந்தைக் கீழே வைக்கவில்லை. “எங்க நெல்லும் இதுல இருக்கு” என்றாள், அமைதியாக.

அத்தை என்னைக் கோட்டுக்கு வெளியே உட்காரச் சொன்னாள். என் இடத்தை ஒருத்தி பிடுங்கிக்கொண்டாளே என்று புழுதியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அந்த இடம் அதுவரை எனக்கு எப்படிக் கிடைத்திருந்தது என்று கேட்டுக்கொள்ள எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.