கோப்பையைக் கவிழ்த்து வைத்த பேய்

பேய்க்கு இரவிக்கை தைத்துத் தரச் சொல்லித்தான் அவள் என்னைக் கூப்பிட்டாள். கதையைப் பற்றிப் பேச அல்ல. என் வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான்.

பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மெசின். நான் கொலர் பூட்டுவேன், அவள் கை பூட்டுவாள். என்னைவிட நாலு வயது இளையவள். பிறகு வேலையை விட்டுவிட்டு கமரா, எடிட்டிங் என்று ஏதேதோ படித்தாள். இன்று கண்டியில் குறும்படம் எடுப்பவர்களைக் கேட்டால் முதலில் அவளைத்தான் சொல்கிறார்கள். நான் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறேன். மெசினை விட்டு எழும்பி, மற்றவர்களின் தையலைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்திருக்கிறேன். அதுவும் முன்னேற்றம்தான், அவளுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத வரைக்கும்.

போன வருடம் அவள் ஒரு பழைய பேய்ப்படத்தைத் திரும்ப எடுக்கப் போவதாக வந்து சொன்னாள். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம். அதற்கும் முன்னால் பத்திரிகையில் தொடராக வந்து, வீட்டுக்கு வீடு வாசித்த நாவல். எழுதியவர் இப்போது இல்லை. அவருடைய மகளைத் தேடிப் பிடித்து, ஒரு மணி நேரப் படமாக எடுக்க அனுமதியும் வாங்கியிருந்தாள்.

"பழைய படத்துல முடிவக் கெடுத்துட்டாங்கக்கா. நான் நாவல்ல உள்ள மாதிரியே எடுக்கப் போறேன்."

"நாவல்ல எப்பிடி?" என்று கேட்டேன், வேண்டுமென்றே.

"என்னாக்கா, நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க. கோப்பையக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போவாளே!"

அது நாவலில் இல்லை. நான் கட்டியது.

கதை இதுதான். மலையில் ஒரு பங்களாவுக்கு ஒரு டொக்டரும் மனைவியும் குடிவருகிறார்கள். பொழுது சாயும் நேரம் யாரோ பின்கதவைத் தட்டி, "அம்மா, குடிக்கத் தண்ணி" என்று கேட்பார்கள். கேட்பவள் பத்து வருடத்துக்கு முன் அதே பங்களாவில் தாகத்தோடு செத்துப்போன பெண். பழைய படத்தில் கடைசியில் பூசாரி வந்து உடுக்கை அடிக்க, பங்களாவே தீப்பிடித்து எரியும்.

அந்த நாவலின் ஒரே ஒரு பிரதி எங்கள் தையல் லைனுக்கு வந்தபோது வாசிக்கப் பதினைந்து பேர் காத்திருந்தோம். பொறுக்க முடியாமல் புத்தகத்தின் முதுகைப் பிளந்து நாலு பாகமாக்கி, கட்டிங் அறையில் மிஞ்சிய அட்டையை மேலே வைத்து, மெசினிலேயே தைத்துவிட்டோம். எங்கள் லைனில் எல்லா நாவலும் அப்படித்தான். ஒருத்தி கல்யாணத்தில் இருப்பாள், இன்னொருத்தி கொலையில் இருப்பாள். "வாய மூடுடி, நான் இன்னும் அங்க வரல்ல" என்று சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை. இந்த நாவலின் கடைசிப் பாகத்தை வைத்திருந்தவள் கல்யாணம் முடித்துக் கலகெதரவுக்குப் போனாள். பாகமும் அவளோடு போனது. கடையிலோ நூலகத்திலோ வேறு பிரதி எங்களுக்கும் கிடைக்கவில்லை, பிறகு படம் எடுக்க வந்தவளுக்கும் கிடைக்கவில்லை.

"நீங்க வாசிச்சிருப்பீங்க தானேக்கா?" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லைனில் கதை சொல்கிறவள் நான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். டொக்டரின் மனைவி கதவைத் திறக்கிறாள். தண்ணீர் கொடுக்கிறாள். பேய் நின்றபடியே குடிக்கிறது. குடித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் கோப்பையைக் கழுவி, சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறது. பிறகு வரவே இல்லை. இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். பின்னால் நின்ற சூப்பர்வைசர், "ஒங்க கைக்கு வெச்ச டார்கெட்ட வாய்க்கு வெச்சிருக்கணும்" என்றார். அடுத்த நாள் காலை அவரே என் மெசினுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "அப்புறம் அவ வரவே இல்லியா?" என்று கேட்டார்.

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதைத்தான் அவள் யாரோ ஒரு பெரிய மனிதருடையது என்று நினைத்துப் படமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

படப்பிடிப்பு கடுகண்ணாவைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. பகலிலேயே இருட்டு வரவேண்டும் என்பதால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. அதையும் தைத்தது நான். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பேயாக நடித்த பெண்ணுக்கு அவள் பாடம் எடுத்தாள்.

"இந்த இடத்துல பயமுறுத்தக் கூடாது. ஒரு பொம்பளையோட மனசு தெரியாதவனால இத எழுதியிருக்க முடியாது. என்னா மனுசன் பாருங்க!"

குண்டூசி என் உதட்டில் ஏறியது. நான்தான்டி அந்த மனுசன் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் இத்தனை வருடம் பொய் சொன்னவள் என்றாகும். கத்தாவிட்டால் வெறும் தையல்காரி. அன்றைக்கு நான் செய்த காரியம் எனக்கே வெட்கம். பேயின் இரவிக்கையில் வலது கையை ஒரு விரல் அளவு இறுக்கித் தைத்தேன். கோப்பையைச் சுவர்த் தட்டில் வைக்கக் கையைத் தூக்கும் நேரம் அந்தப் பெண்ணுக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை. நாலு தரம் எடுத்தார்கள். "அளவு தவறிப்போச்சு போல" என்று சொல்லி நானே பிரித்துக் கொடுத்தேன்.

எடுத்தவரைக்கும் தொகுத்து எழுத்தாளரின் மகளுக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, அவங்க ஃபோன் எடுத்தாங்க. அப்பா இப்பிடி எழுதவே இல்லன்னு சொல்றாங்க. நீங்க வாசிச்சது எந்தப் பதிப்பு? சொல்லுங்க, நான் அவங்களுக்குக் காட்டணும்."

"பதிப்பு இல்ல."

"என்னா இல்ல?"

"நான் வாசிக்கல்ல. கட்டிச் சொன்னேன்."

கதிரையில் இருந்தவள் எழும்பினாள். திரும்ப உட்கார்ந்தாள். "நான் எத்தன பேருக்குப் பேட்டி குடுத்திட்டேன் தெரியுமா? நாவலுக்கு உண்மையா எடுத்தது நான் மட்டுந்தான்னு!" என்றாள். பிறகு, வேறு குரலில், "அவ்வளவும் ஒங்களோடதா?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வருடம் வெந்தேன். கிடைத்தபோது, காலாவதியான மருந்தைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

மகள் ஒன்றுதான் சொல்லியிருந்தாராம். அப்பாவின் முடிவை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அப்பாவின் பெயரை எடுத்துவிட வேண்டும். நாவலின் கடைசிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியும் இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவளுடைய ஃபோனில் தலையை முட்டிக்கொண்டு வாசித்தோம்.

தட்டும் சத்தம் கேட்டு டொக்டரின் மனைவி பின்கதவைத் திறக்கிறாள். யாரும் இல்லை. வாசலில் இறங்கிப் பார்க்கிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. தட்டுகிறாள். நாக்கு வறண்டு போகிறது. உள்ளே கணவனின் குரல் கேட்கிறது: "திறக்காதே. அவள்தான்." உள்ளே யாரிடம் அதைச் சொல்கிறான் என்று எழுதவில்லை. நாவல் அவ்வளவுதான்.

என் கை மயிர் எழும்பி நின்றது. மத்தியான வெயிலில் எழும்பி நின்றது.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றாள். "அவர் பேரு இல்லாம, முடிவு ஒங்க பேருல போட்டு எடுக்கலாம். இல்லாட்டி இத எடுக்கலாம்."

"அவருடையத எடு" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, தங்கமான மனசு என்றாள். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. அவள் மேல் இருந்த பொறாமை இறங்கி, முகம் தெரியாத, செத்துப்போன ஒரு ஆளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவள் மேல் எரிந்தபோது இரவிக்கையையாவது இறுக்க முடிந்தது.

டவுனில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். பழைய லைன்காரிகள் ஏழு பேரை நான்தான் கூட்டிப் போனேன். படம் முடிந்து வெளியே பால் இல்லாத பிளேன்ட்டி குடிக்கும்போது ஒருத்தி பொரிந்து தள்ளினாள்.

"என்னாடி இது, நல்ல நாவலக் கெடுத்துட்டாளே! கோப்பையக் கவுத்து வெக்கிறதுதானே அதுல உசிரு. படம் எடுக்கப் போனதும் தலைக்கனம்."

"இந்த அக்கா சொன்னதுல பாதி வருமா?" என்றாள் இன்னொருத்தி.

நான் பிளேன்ட்டியை ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாயும் குடித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். அவள் நாவலைத்தான் எடுத்திருக்கிறாள், கெடுத்தது நான் என்று. ஏழு பேரும் என்னைத் திட்டினார்கள், ஒருத்தி தோளில் அடித்தாள். ஆனால் அந்த இரண்டு வாய் பிளேன்ட்டிக்குள் நான் அனுபவித்த சுகத்தை எழுதாமல் விட்டால், இதுவும் நான் கட்டிய இன்னொரு முடிவாகிவிடும்.