யமனிட்டப் போன சம்மனசு

அந்தக் கொப்பியில எப்பவும் சூடை மீன் மணக்கும்…

எண்பது பக்கக் கொப்பி. அட்டை கழண்டு, கோதுமை மாப் பசையால ஒட்டினது. பிலோ என்னட்டத் தரேக்க நான் முதல்ல மூக்கைப் பொத்துவன், பிறகுதான் திறப்பன்.

பிலோ எண்டால் பிலோமினா. உப்புவெளிப் பெட்டை, வேதக்காரக் குடும்பம். நான் ரவுணில, சைவக்காரர். ரெண்டு பேரும் பத்தாம் வகுப்பு. சண்டைக் காலம். கரண்ட் இல்லை, படம் இல்லை, பொழுதுபட்டால் தெருவில ஆளும் இல்லை. வேற என்ன செய்யிறது… நாவல் எழுதினம்!

கதை இதுதான். எங்கட துறைமுகத்துக்கு அடியில நாகலோகம். அங்க சங்கிலியில ஒரு பொடியன். அவனை மீட்க வானத்தில இருந்து ஒரு சம்மனசு வருது, அவளின்ர வேதத்துத் தேவதூதன், பேர் ஆசியேல். துணைக்கு என்ர பக்கத்தால ஒரு பூதம். ஊர்க் கதையில வாற மாதிரிக் கந்தளாய்க் குளத்தைக் கட்டி முடிச்சுப்போட்டு வேலையில்லாமல் சும்மா இருந்த பூதம். சம்மனசுக்கு நீந்தத் தெரியாது. இறக்கையைச் சொப்பிங் பையால சுத்திக்கொண்டு, பூதத்தின்ர முதுகில ஏறித்தான் கடலுக்குள்ள இறங்கும். இதை எழுதினது நான். அதுக்குப் பிலோ ஒரு நாள் முழுக்க என்னோட கதைக்கேல்லை.

ஒரு அத்தியாயம் நான், அடுத்தது அவள். மாறி மாறி எழுதுவம்.

பதினோராவது என்ர முறை. சண்டைக் காட்சி எழுதி எழுதிக் களைச்சுப்போனன். ஆராவது செத்தால்தான் கதை சூடு பிடிக்கும் எண்டு பெரிய எழுத்தாளர் நினைப்பு வேற. கைதி செத்துப்போனான் எண்டு நாகங்கள் வந்து சொல்லுறதோட முடிச்சுக் குடுத்திட்டன்.

திங்கக்கிழமை பிலோ வந்தாள். கண் ரெண்டும் வீங்கிக் கிடந்தது.

"இதை நான் அம்மாவுக்கு எப்பிடியடி வாசிக்கிறது?"

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகுதான் சொன்னாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் குசினியில இருந்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறவளாம். அவ மீன் வெட்டிக்கொண்டே கேப்பாவாம், இடைக்கிடை கொப்பியை வாங்கிப் பக்கம் புரட்டுவாவாம். நாளாந்தம் ஒரே கேள்விதானாம்.

"அந்தப் பொடியனை வெளியில எடுத்திட்டினமோ?"

அந்தப் பொடியனுக்கு முன்பல் உடைஞ்சிருக்கும் எண்டு பிலோ எப்பவோ எழுதியிருந்தாள். அவளின்ர அண்ணாவுக்கும் அப்பிடித்தான். யூட் அண்ணா… வலைக்கு ஈயம் வாங்க நிலாவெளிப் பக்கம் சைக்கிளில போனவர். ஆறு மாதமா ஆளுமில்லை, சைக்கிளுமில்லை. அன்ரி, அதுதான் பிலோவின்ர அம்மா, போய் நிக்காத ஆமிக் கேம்ப் வாசல் இல்லை. எல்லா வாசலிலயும் ஒரே பதில்.

"அந்தப் பேரில இங்க ஒருத்தரும் இல்லை."

நூறு தரம் பாத்த பல்லு அது. என்ர மரமண்டைக்கு ஏறேல்லை. அண்டைக்கு நான் பட்ட வெக்கமும் கவலையும் இப்பவும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

"கிழிச்செறிவம்" எண்டன்.

"ஏலாது. அம்மா பக்கத்தை எண்ணி வைச்சிருக்கிறா. நீதானே செஞ்சனீ, நீயே ஒரு வழி பண்ணு."

"உங்கட பக்கத்தில மூண்டாம் நாள் எழும்பலாம்தானே?" எண்டு கேட்டன். "அது ஆண்டவர் மட்டும்தான்" எண்டு சீறினாள். சரி, எங்கட பக்கத்தால போய்ப் பாப்பம் எண்டு இன்ரவலுக்குள்ள இருந்து ரெண்டு பக்கம் எழுதினன். பொடியனைத் திருப்பித் தரச்சொல்லிக் கேக்க, சம்மனசும் பூதமும் யமனிட்டப் போகினம்.

பிலோ வாசிச்சிட்டுக் கொப்பியை என்னட்டயே நீட்டினாள். "நீயே வந்து வாசி" எண்டாள்.

பின்னேரம் அவளின்ர குசினி. அன்ரி பலகைக்கட்டையில இருந்து சூடை வெட்டிக்கொண்டிருந்தா. செத்த செய்தி வந்த இடத்தில அவவின்ர கத்தி நிண்டிட்டுது. நான் நிப்பாட்டாமல் வாசிச்சுக்கொண்டு ஓடினன். யமன் ஏட்டைப் புரட்டுறார். முன்னுக்கிருந்து ஒருக்கா, பின்னுக்கிருந்து ஒருக்கா. பிறகு சம்மனசைப் பாத்துச் சொல்லுறார்…

"அந்தப் பேரில இங்க ஒருத்தரும் வரேல்லையே ராசா. உமக்கு ஆரோ பொய் சொல்லிப்போட்டினம்."

அன்ரி கத்தியைக் கீழ வைச்சா.

"திருப்பி வாசி பிள்ளை" எண்டா.

வாசிச்சன். மூண்டு தரம் வாசிச்சன்.

கேம்ப் வாசலில கேட்டு அழுத அதே வசனம்… அண்டைக்கு அதைக் கேட்டு அன்ரி சிரிச்சா. செதில் ஒட்டின கையாலேயே என்ர கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சினா. சத்தியமா நான் யோசிச்சு எழுதேல்லை. கதையை எப்பிடியாவது ஒப்பேத்தவேணும் எண்டு எழுதினது.

நாவல் முடியேல்லை. எங்கட வீட்டாக்கள் கொழும்புக்கு வெளிக்கிட்டினம், பிறகு நான் லண்டன். யூட் அண்ணாவும் வரேல்லை. சண்டை முடிஞ்ச பிறகு, அவருக்கு மரணச் சான்றிதழை எடுங்கோ எண்டு அரசாங்க ஆக்கள் வீடு தேடி வந்து சொன்னவை. அன்ரி கையெழுத்து வைக்கேல்லை. அந்த ரெண்டு பக்கம்தான் அவவை இப்பிடிக் காத்திருக்க வைச்சுதோ எண்டு நான் எத்தினை தரம் அழுதிருப்பன்… பிலோவிட்ட ஒருக்காக் கேட்டும் இருக்கிறன்.

"விசர்க் கதை கதையாதை. பெத்தவளுக்கு நீ எழுதிக் குடுத்துத்தானோ?" எண்டாள்.

போன மாதம் அன்ரி போயிட்டா.

பிலோ ஃபோன் எடுத்தாள். மரண அறிவித்தல் பேப்பருக்குக் குடுக்கவேணும். அப்பாவின்ர பேருக்கு முன்னால போடுற மாதிரி, அண்ணாவின்ர பேருக்கு முன்னாலயும் 'காலஞ்சென்ற' எண்டு போடட்டாம். சொந்தக்காரர் எல்லாரும் சொல்லுகினமாம், இனியென்ன எண்டு.

"எனக்குக் கை வருகுதில்லையடி. நீ எழுதி அனுப்பு."

அப்ப ரெண்டு பக்கம் எழுத ஒரு இன்ரவல் காணும். இப்ப நாலு வரிக்கு ஒரு பகல் முழுக்க வட்ஸ்அப்பைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தன். அந்தச் சொல்லை ரைப் பண்ணுறன், அழிக்கிறன், திரும்பவும் ரைப் பண்ணுறன்…

கடைசியா அனுப்பினன்.

"காலஞ்சென்ற அந்தோனியின் அன்பு மனைவியும், யூட், பிலோமினா ஆகியோரின் பாசமிகு தாயாரும்…"

பிலோ ஒரு எழுத்தும் மாத்தேல்லை. அப்பிடியே பேப்பரில வந்திருக்கு. அதில அன்ரிக்கு ரெண்டு பிள்ளையளும் இருக்கினம்.