ஒழுகும் சால்

நான் தங்கிப் படிக்கும் விடுதியில் வெள்ளையடிக்கிறார்கள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனையில், இன்று இடிந்து மண்ணாகிவிட்ட எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவர் எழுந்து நிற்கிறது. எங்கள் வீட்டில் யாரும் போகாத பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, கிணற்றில் நீர் இறைக்கும் தோல்சாலை அந்தச் சுவரில் கரியால் வரைவேன். புரிந்த பாடத்துக்கு நிறைந்த சால், பாதி புரிந்ததற்குப் பாதிச் சால், புரியாததற்கு ஒழுகும் சால். எழுத்தறியாத அப்பா மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டபடியே எல்லாவற்றையும் படித்துவிடுவார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு சாலருகே நின்றார்.

"ஏஞ்சாமி, இது இன்னும் ஒழுகுதா?"

"பின்னக் கணக்குங்கப்பா."

"மாசி பொறக்கறதுக்குள்ள நெறையலைன்னா, பள்ளிக்கூடத்த உட்டுட்டு மாடோட்ட வந்துரு."

"ரொப்பிப்போடறனுங்க."

அந்த ஒழுகும் சாலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெள்ளையடித்தார். தை முடியுமுன் அதை வாய்வரை நிறைத்து வரைந்து அவருக்குக் காட்டினேன். பிறகு நானே அதன்மேல் சுண்ணாம்பு அடித்தேன்.